கிளி நமக்குத் துணை. கிளிக்கு யார் துணை?

"கிளி வளர்க்கலாமா, சார்?"

சென்ற கோடை விடுமுறையில் எங்கள் தெருவைச் சேர்ந்த எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி என்னிடம் இப்படிக் கேட்டாள். அவளுடைய மாமா ஒரு பச்சைக்கிளிக் குஞ்சு வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தாராம். "கூடாது" என்று ஒரே சொல்லில் பதில் சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் 'ஏன்' என்பதைச் சொல்லாத பதில் விஞ்ஞானம் படித்தவன் சொல்லும் பதில் ஆகாது அல்லவா? ஆகவே அவளைத் திண்ணையில் உட்காரவைத்து, முதலில் எங்கள் வீட்டுக் கிளியின் கதையைச் சொன்னேன். மாணவ நண்பர்களே, அதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

பாட்டியின் குரல்

ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்கு முன் நான் சிறுவனாக இருந்தபோது, சந்தையில் கோழிக் கூடைகளுக்குப் பக்கத்திலேயே கிளிக் குஞ்சுகளையும் வைத்து விற்பார்கள். என் பாட்டி அப்படி ஒன்றை வாங்கி வந்தாள். இறகு முளைக்காத குஞ்சு. ஊறவைத்த கடலைப்பருப்பை அரைத்து ஊட்டி அதைக் காப்பாற்றினாள். பிறகு ஒரு கம்பிக் கூண்டு வந்தது. இறக்கைகளின் ஓரம் கத்தரிக்கப்பட்டது.

ஓராண்டுக்குள் கிளி பேசத் தொடங்கிற்று. "ராசா, சாப்பிட வா!" என்று பாட்டி என்னை அழைக்கும் அதே குரல், அதே இழுப்பு! பள்ளி விட்டு வரும் என்னைச் சில நாள் பாட்டி அழைத்தாளா, கிளி அழைத்ததா என்று தெரியாமல் அடுக்களைக்கு ஓடியிருக்கிறேன். வீடே சிரிக்கும்.

நான் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது பாட்டி காலமானாள். கிளிக்கு அது எப்படித் தெரியும்? மறுநாளும் அதற்கு மறுநாளும், "ராசா, சாப்பிட வா!" என்று பாட்டியின் குரலில் அது கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. அம்மாவால் அதைக் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. கூண்டை எடுத்துக் கொல்லைப்புறத்தில் மாட்டுக் கொட்டகையின் ஓரத்தில் மாட்டிவிட்டார்கள். வேளாவேளைக்கு நெல்லும் தண்ணீரும் வைத்தோம். ஆனால் அதனிடம் பேச யாரும் இல்லை.

சில வாரங்களில் அதன் மார்பில் ஓர் இடம் மொட்டையாகத் தெரிந்தது. ஏதோ பூச்சி என்று நினைத்து மஞ்சள் தடவினோம். அது பூச்சி அன்று. கிளி தன் இறகுகளைத் தானே பிடுங்கிக்கொண்டிருந்தது. மூன்று மாதம் கழித்து ஒரு காலையில் அது கூண்டின் அடியில் கிடந்தது.

நாங்கள் கொடியவர்கள் அல்லர். அதற்குப் பட்டினி போட்டதில்லை, அடித்ததில்லை. எனினும் அந்தக் கிளியைக் கொன்றது எங்கள் அறியாமைதான் என்று இன்று எண்ணுகிறேன். நாங்கள் அறியாமல் இருந்தது என்ன?

கிளி ஏன் பேசுகிறது?

மனிதனுக்குக் குரல் பிறக்கும் இடம் தொண்டை. பறவைகளுக்கு அது மூச்சுக்குழலின் அடியில், மார்புக்குள் இருக்கிறது. கிளிக்குத் தடித்த, சதைப்பற்றான நாக்கும் உண்டு. இவற்றைக் கொண்டு அது நம் குரலை ஏறத்தாழ அப்படியே எடுத்துவிடுகிறது. 'எப்படிப் பேசுகிறது' என்பதற்கு இது விடை. 'ஏன் பேசுகிறது' என்பதுதான் முக்கியமான கேள்வி.

காட்டிலும் தோப்பிலும் வாழும் கிளி தனிமையை அறியாதது. பகலில் கூட்டமாக மேயும். மாலையில் நூற்றுக்கணக்கில் ஒரே மரத்தில் வந்து அடையும். அந்த இரைச்சலுக்குள் தன் துணையையும் தன் குஞ்சையும் அடையாளம் காண வேண்டுமே! அதற்குக் குரல்தான் கருவி. வெனிசுலா நாட்டில் ஒரு சிறிய பச்சைக்கிளி இனத்தை ஆராய்ந்த விஞ்ஞானிகள் 2011ஆம் ஆண்டு ஒரு வியப்பான செய்தியை வெளியிட்டார்கள். தாயும் தந்தையும் தம் குஞ்சுகள் ஒவ்வொன்றையும் தனித்தனி ஒலியால் அழைக்கின்றன. குஞ்சுகள் அந்த ஒலியைக் கற்று, சிறிது மாற்றி, தம் 'பெயராக' வைத்துக்கொள்கின்றன என்று கண்டார்கள். நாம் பிள்ளைக்குப் பெயர் வைப்பதைப் போலத்தான்!

இப்போது கூண்டுக் கிளியை எண்ணிப் பாருங்கள். அதைக் கூட்டத்திலிருந்து பிரித்துவிட்டோம். அதன் காதில் விழும் குரல் நம்முடையது மட்டுமே. ஆகவே நம்மையே தன் கூட்டமாகக் கொண்டு, நம் ஒலியைக் கற்று, அதைச் சொல்லி நம்மை அழைக்கிறது. "கிளி பேசுகிறது" என்று நாம் கை தட்டுகிறோம். அதுவோ, "நான் இங்கே இருக்கிறேன், நீங்கள் எங்கே?" என்று கேட்கிறது. எங்கள் வீட்டுக் கிளி பாட்டியின் குரலில் கூப்பிட்டபோது, உண்மையில் பாட்டியைத்தான் தேடிற்று என்று நான் நம்புகிறேன்.

சிறிய தலை, பெரிய மூளை

'சொன்னதைச் சொல்லுமாம் கிளிப்பிள்ளை' என்று நாம் கேலி செய்வதுண்டு. இந்தக் கேலியை அலெக்ஸ் என்ற ஒரு சாம்பல் நிற ஆப்பிரிக்கக் கிளி பொய்யாக்கிவிட்டது. அமெரிக்காவில் ஐரின் பெப்பர்பெர்க் என்ற பெண் விஞ்ஞானி 1977ஆம் ஆண்டு ஒரு கடையில் அதை வாங்கினார். முப்பது ஆண்டுகள் அதனுடன் உழைத்தார். ஐம்பதுக்கு மேற்பட்ட பொருள்களின் பெயரையும், ஏழு நிறங்களையும், ஐந்து வடிவங்களையும் அலெக்ஸ் அறிந்திருந்தது. தட்டில் உள்ள பொருள்களைக் காட்டி, "இவற்றில் எத்தனை பச்சை?" என்று கேட்டால் எண்ணிச் சொல்லும். இரண்டு பொருள்களுக்கிடையே வேறுபாடு எதுவும் இல்லையென்றால் 'ஒன்றுமில்லை' என்று பொருள்படச் சொல்லும். 2007ஆம் ஆண்டு, 31ஆம் வயதில் அது இறந்தது.

இவ்வளவு அறிவு அந்தச் சிறிய தலைக்குள் எப்படி அடங்கிற்று? 2016ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆராய்ச்சி இதற்கு விளக்கம் தந்தது. பறவைகளின் மூளையில் நரம்பணுக்கள் மிக நெருக்கமாக அடுக்கப்பட்டுள்ளன. மக்கா என்னும் பெரிய கிளியின் மூளை ஒரு வால்நட் கொட்டை அளவுதான். ஒருவகைக் குரங்கின் மூளையோ எலுமிச்சம்பழம் அளவு இருக்கும். ஆயினும் சிந்தனைக்கு உரிய முன்மூளையில் கிளிக்கே நரம்பணுக்கள் அதிகம்!

இத்தகைய மூளைக்கு வேலை வேண்டும். தோப்பில் உள்ள கிளி நாள் முழுதும் இரை தேடும், பறக்கும், கிளையைக் கொறிக்கும், துணையின் தலையைக் கோதிவிடும், பருந்து வருகிறதா என்று பார்க்கும். கூண்டில் உள்ள கிளிக்கோ இரை கிண்ணத்திலேயே இருக்கிறது. பத்து நிமிடத்தில் உண்டு முடித்துவிடும். மீதிப் பொழுதுக்கு என்ன செய்யும்? கத்தும், தலையை ஆட்டிக்கொண்டே இருக்கும், அதுவும் சலித்தால் தன் இறகைத் தானே பிடுங்கும். இறகு பிடுங்குவதற்கு நோயும் உணவுக் குறையும்கூடக் காரணமாகலாம். ஆனால் தனிமையும் சலிப்பும் முக்கியமான காரணங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பறவைகளையும் காக்கிறது. 1990-91 முதல் இந்தியக் காட்டுப் பறவைகளைப் பிடித்து விற்பது அடியோடு தடை செய்யப்பட்டுவிட்டது. கழுத்தில் ஆரம் போட்ட நம் பச்சைக்கிளி, பெரிய பச்சைக்கிளி, செந்தலைக் கிளி எல்லாம் இதில் அடக்கம். 2022ஆம் ஆண்டு சட்டம் திருத்தப்பட்டு, அட்டவணைகள் புதிதாக வகுக்கப்பட்டன. இவற்றை வாங்குவதும் விற்பதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். சிறைத் தண்டனையும் அபராதமும் உண்டு. கிளி ஜோசியருடைய கூண்டுக் கிளிக்கும் இதே சட்டந்தான்.

சட்டம் இருந்தும் மாணவியின் மாமாவுக்குக் குஞ்சு கிடைக்கும் என்ற நிலைதான் இருக்கிறது. அந்தக் குஞ்சு எங்கிருந்து வருகிறது? நம் பச்சைக்கிளி மரப்பொந்தில் மூன்று அல்லது நான்கு முட்டை இடும். குஞ்சு பொரிக்க மூன்று வாரத்துக்குச் சற்று அதிகம் ஆகும்; பிறகு பறக்க ஆறேழு வாரம் ஆகும். இந்த ஆறேழு வாரத்துக்குள்தான் பொந்தில் கையை விட்டுக் குஞ்சுகளை அள்ளுகிறார்கள். கூடையில் அடைத்துத் தூர ஊர்களுக்குக் கடத்துகிறார்கள். நம் கைக்கு ஒரு குஞ்சு வருவதற்குள் வழியில் செத்தவை எத்தனையோ! நாம் கொடுக்கும் பணம் மறுபடியும் பொந்தைத் தேடி மரம் ஏறச் சொல்கிறது.

சிலர் கேட்கும் கேள்விகள்

"நாங்கள் பாசமாகத்தானே வளர்க்கிறோம்? வெளியே இருந்தால் பருந்தோ பூனையோ பிடித்துவிடுமே?" என்று சிலர் கேட்பார்கள். பாசத்தை நான் சந்தேகிக்கவில்லை. என் பாட்டிக்கு இல்லாத பாசமா? ஆனால் ஆபத்து இல்லாத வாழ்வு வேறு, வாழ்வே இல்லாத பாதுகாப்பு வேறு. பருந்துக்குத் தப்பிப் பறக்கத்தான் அதற்கு இறக்கை இருக்கிறது. நாமோ முதலில் அந்த இறக்கையைக் கத்தரிக்கிறோம்!

"வெளிநாட்டுக் கிளிகளை வளர்க்கலாமே, அவை கூண்டிலேயே பிறந்தவைதாமே?" என்பது அடுத்த கேள்வி. இது நியாயமான கேள்வி. கடைகளில் 'லவ் பேர்ட்ஸ்' என்று விற்கும் பறவைகளில் பெரும்பாலானவை பட்ஜெரிகர் என்னும் ஆஸ்திரேலியச் சிறு கிளிகள். ஜான் கூல்ட் என்ற பறவையியல் அறிஞர் 1840ஆம் ஆண்டு இவற்றை உயிருடன் இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார். அன்று தொட்டுப் பல தலைமுறைகளாக இவை கூண்டில் பிறந்து வளர்கின்றன. இவற்றை வளர்க்கச் சட்டத் தடை இல்லை. ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி போன்ற அரிய இனங்களை வைத்திருப்பவர்கள் அரசிடம் பதிவு செய்ய வேண்டும். ஆனால் சட்டம் அனுமதிக்கிறது என்பதனாலேயே கூண்டில் பிறந்த பறவைக்குக் கூட்டமும் இடமும் வேலையும் வேண்டாம் என்று ஆகிவிடாது. அதன் மூளை இன்னமும் காட்டுப் பறவையின் மூளைதான்.

வயதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். சாம்பல் கிளி நாற்பது ஆண்டுக்கு மேலும் வாழக்கூடியது. நீங்கள் எட்டாம் வகுப்பில் ஆசையாக வாங்குகிறீர்கள். பத்தாம் வகுப்புத் தேர்வு வரும், கல்லூரி விடுதி வரும், வேலை வரும். அப்போது அந்தக் கிளி யாருடைய கொட்டகை ஓரத்தில் தொங்கும்?

ஏற்கெனவே வீட்டில் இருந்தால்?

இதைப் படிக்கும் உங்களில் சிலர் வீட்டில் ஏற்கெனவே கிளி இருக்கலாம். உடனே கூண்டைத் திறந்துவிடலாமா? கூடாது. மனிதன் ஊட்டி வளர்ந்த கிளிக்கு இரை தேடவும் எதிரியை அறியவும் தெரியாது. கத்தரித்த இறக்கையோடு விட்டால் அது சாவுக்கே அனுப்புவதாகும். நம் நாட்டுக் கிளியாக இருந்தால் பெரியவர்களிடம் சொல்லி வனத்துறையினரிடம் ஒப்படைக்கச் செய்யுங்கள். வெளிநாட்டுக் கிளியையும் வெளியே விடாதீர்கள். நம் பச்சைக்கிளி வளர்ப்பவரிடமிருந்து தப்பிப் பெருகி, இன்று லண்டன் நகரப் பூங்காக்களில் ஆயிரக்கணக்கில் திரிகிறது. ஓர் இடத்துப் பறவை இன்னோர் இடத்தில் பெருகினால், அங்கே பொந்தில் வாழும் பிற உயிர்களின் இடம் பறிபோகலாம்.

வளர்க்கத் தகுந்த பறவைதான் என்றால், வளர்க்கும்வரை நன்றாக வளர்ப்பது நம் கடமை. முதலில் கூண்டு. உயரத்தைவிட நீளம் முக்கியம். பறவை உயரே ஏறுவதைவிடக் குறுக்கே பறக்கவே விரும்பும். வழவழப்பான ஒரே அளவுக் குச்சிக்குப் பதிலாக, வேம்பு, கொய்யா ஆகியவற்றின் கிளைகளைப் பல பருமனில் வையுங்கள். கிளிக்கு முன்னால் இரண்டு விரல், பின்னால் இரண்டு விரல். பிடி மாறிக்கொண்டே இருந்தால்தான் பாதம் புண்ணாகாது. அந்தக் கிளையைக் கொறிப்பது அலகுக்கும் மனத்துக்கும் நல்லது.

உணவில் விதை மட்டும் போதாது. சூரியகாந்தி விதையில் கொழுப்பு அதிகம். வைட்டமின் ஏ குறைவு. கீரை, காரட், பப்பாளி, கொய்யா, முளைகட்டிய பயறு முதலியவற்றைச் சேர்க்க வேண்டும். கிளி மிளகாயை ரசித்துத் தின்பதைப் பார்த்திருப்பீர்கள். மிளகாயின் காரப் பொருள் நம் நாவில் உள்ள உணர்விகளைத் தூண்டுவதுபோல் பறவைகளைத் தூண்டுவதில்லை. ஆகவே அதற்குக் காரம் தெரியாது! ஆனால் அவகாடோ எனும் வெண்ணெய்ப் பழமும் சாக்லேட்டும் கிளிக்கு நஞ்சு.

அடுக்களையில் கூண்டை வைக்காதீர்கள். ஒட்டாத பூச்சுப் பூசிய தோசைக்கல் அளவுக்கு மீறிச் சூடேறினால் அதிலிருந்து ஒரு நச்சுப்புகை எழும். நமக்கு இருமலோடு போவது பறவையைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும். பறவையின் நுரையீரலில் காற்று ஒரே திசையில் ஓடிக்கொண்டே இருக்கிறது. உயிர்க்காற்றைத் திறமையாக உறிஞ்சும் அந்த அமைப்பு நஞ்சையும் அதே திறமையுடன் உறிஞ்சுகிறது.

காலை வெயில் சிறிது நேரம் படட்டும். இரவில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் இருட்டும் அமைதியும் இருக்கட்டும். கூண்டைச் சுத்தம் செய்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கிளிகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் ஒரு நுரையீரல் காய்ச்சல் உண்டு. 1929-30இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பலரை அது பலி கொண்டது. இன்று மருந்து இருக்கிறது. கவனமும் இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, துணை. ஒற்றைப் பறவையாக வைக்காதீர்கள். தினமும் சில மணி நேரமாவது அதனோடு இருக்க வீட்டில் ஆள் வேண்டும். இவ்வளவும் முடியுமா என்று உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். முடியாது என்றால், வாங்காமல் இருப்பதுதான் அந்தப் பறவைக்கு நீங்கள் காட்டும் அன்பு.

கூண்டு வேண்டாம், மரம் வேண்டும்

கிளியை நேசிப்பது நம் மரபு. மதுரை மீனாட்சியின் கையில் கிளி இருக்கிறது. அந்தக் கோயிலில் கிளிக்கூட்டு மண்டபம் என்று ஒன்று உண்டு. ஒருகாலத்தில் அங்கே கூண்டுகளில் கிளிகள் இருந்தன. இன்று மண்டபத்துக்குப் பெயர் மட்டும் நின்றுவிட்டது, கிளிகள் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளின் கையை அலங்கரிக்கும் கிளியோ நாள்தோறும் புதிதாகச் செய்யப்படுவது: இலைகளால் உடல், மாதுளம்பூவால் அலகு. ஒரு பொந்தையும் கொள்ளையடிக்காமல் கிளியைக் கொண்டாட வழி உண்டு என்பதற்கு இது போதாதா?

அந்த மாணவியிடம் ஒரு யோசனை சொன்னேன். எங்கள் தெருக்கோடியில் தலை முறிந்து பட்டுப்போன தென்னை மரம் ஒன்று நிற்கிறது. அதன் பொந்தில் ஆண்டுதோறும் கிளிகள் குஞ்சு பொரிக்கின்றன. வீட்டுக்காரர் அதை வெட்டிவிட எண்ணியிருந்தார். "நீ போய்க் கேட்டுப் பார். மரம் நின்றால் உனக்கு ஒரு கிளிக் குடும்பமே கிடைக்கும்," என்றேன். அவள் போய்க் கேட்டாள். வீட்டின் மேலோ வழியிலோ விழக்கூடிய மரம் அன்று என்பதால் அவரும் விட்டுவிட்டார். மாமாவிடம் கிளிக்குப் பதிலாகத் தொலைநோக்கி ஒன்று வாங்கித் தரச் சொன்னாளாம்.

இந்தத் தை மாதம் அவள் தன் குறிப்பு நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள். எந்த நேரத்தில் எந்தக் கிளி வந்தது, கழுத்தில் ஆரம் உள்ள ஆண் எது, ஆரம் இல்லாத பெண் எது, ஆண் பெண்ணுக்கு எத்தனை முறை இரை ஊட்டிற்று என்று வரிசையாக எழுதியிருந்தாள். கடைசிப் பக்கத்தில் பென்சிலால் ஒரு வரி: "இன்று காலை 6.40. பொந்துக்குள்ளிருந்து ஒரு குரல். வெளியே இருந்த கிளி உடனே பதில் சொல்லிற்று."

அதைப் படித்தபோது எனக்குக் கொட்டகை ஓரத்துக் கூண்டு நினைவுக்கு வந்தது. அந்தக் கிளியும் மூன்று மாதம் கூப்பிட்டது. அதற்குப் பதில் சொல்ல யாரும் இல்லை.